உளியோடு கப்பலேறியவர்

காலனிக் காலத்தில் ஸ்காட்லாந்தை விட்டுப் புறப்பட்ட ஒரு கட்டடத் தொழிலாளியின் வாழ்க்கை எப்படி இருந்தது, கைத்தொழிலை மட்டும் நம்பிக் கடல் கடந்தவர் உண்மையிலேயே உயர்ந்தாரா என்பது கேள்வி. உயர்ந்தவர்கள் உண்டு. ஆனால் வெறுங்கையோடு வந்து இறங்கி, வியர்வையால் மட்டுமே மேலே வந்தார் என்று வழக்கமாகச் சொல்லப்படும் கதை பாதிக் கதைதான். மீதியையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கை போதும். அவர் டேவிட் லெனாக்ஸ்.

நான் சிட்னிக்கு மேற்கே, பரமட்டாவுக்கு அருகில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். பரமட்டா ஆற்றின் மேல் சர்ச் தெருவில் ஒரு கல் பாலம் இருக்கிறது. இப்போது அதன் மேல் டிராம் வண்டியும் ஓடுகிறது. அதன் பெயர் லெனாக்ஸ் பாலம். யார் இந்த லெனாக்ஸ் என்று தேடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் என்னை விடவில்லை.

அவர் 1788-இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஏர் என்ற ஊரில் பிறந்தார். பிரிட்டனின் முதல் கைதிக் கப்பல்கள் சிட்னித் துறைமுகத்தில் நங்கூரமிட்டதும் அதே 1788-இல்தான். மனிதரும் காலனியும் ஒரே வயது. ஏர் ஊரில் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய கல் பாலம் ஒன்று ஆற்றைக் கடந்து நின்றது. அவர் பிறந்த சமயத்தில் அதன் பக்கத்திலேயே புதுப் பாலம் ஒன்றும் எழுந்தது. பாலங்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை, கல் தச்சு வேலையைக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் கல் வேலை கௌரவமான தொழில். ஆனால் கொடுமையான தொழிலும்கூட. குளிர்காலத்தில் உறைபனி விழுந்தால் சுண்ணாம்புச் சாந்து இறுகாது, வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். வேலை இருக்கும் மாதங்களில் எங்கே கட்டடம் எழுகிறதோ அங்கே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதைவிடப் பெரிய கொடுமை தூசி. மணற்கல்லைச் செதுக்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலில் படிந்து ஆளை மெல்ல மெல்லக் கொன்றது. எடின்பர்க் மருத்துவர் அலிசன் 1820-களிலேயே இதைப் பதிவு செய்தார்: அந்த நகரத்தில் தொடர்ந்து கல் செதுக்கும் வேலையில் இருந்தவர்களில், மார்பு நோயின் அறிகுறி இல்லாமல் 50 வயதைத் தொட்டவரைக் காண்பதே அரிது. ஸ்காட்லாந்துக் கல் தச்சர்கள் ஏன் அத்தனை எளிதாகக் கப்பலேறினார்கள் என்று கேட்பவர்கள் இந்தத் தூசியையும் அந்த உறைபனியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லெனாக்ஸ் முதலில் போனது தெற்கே, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். அங்கே தாமஸ் டெல்ஃபோர்டின் பணிகளில் சேர்ந்தார். டெல்ஃபோர்டைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் நகர முடியாது. ஸ்காட்லாந்தின் மலையோரத்தில் ஆடு மேய்த்தவரின் மகன், தானே ஒரு கல் தச்சராகத் தொடங்கியவர், பிரிட்டனின் தலைசிறந்த பாலப் பொறியாளராக உயர்ந்தார். அவர் கட்டிய மெனாய் தொங்குபாலம் 1826-இல் திறக்கப்பட்டபோது அதன் நடு இடைவெளி 579 அடி. அந்தப் பணியில் லெனாக்ஸ் இருந்தார். குளோஸ்டர் நகருக்கு அருகே செவர்ன் ஆற்றின் மேல் டெல்ஃபோர்ட் கட்டிய ஒற்றை வளைவுப் பாலத்திலும் இருந்தார். அந்த வளைவின் அகலம் 150 அடி. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்தப் பாலத்தின் கீழே தாங்கலாக நின்ற மரச்சாரத்தைப் பிரித்தபோது வளைவின் உச்சி பத்து அங்குலம் கீழே இறங்கிவிட்டது. பாலம் விழவில்லை, இன்றும் நிற்கிறது. ஆனால் டெல்ஃபோர்டைப் போன்றவரையே கல் வளைவு இப்படிச் சோதித்தது. ஏட்டுப் படிப்பில் கிடைக்காத இப்படிப்பட்ட பாடங்களோடு இருபது ஆண்டுகளுக்கும் மேல் லெனாக்ஸ் பொறுப்பான வேலைகளில் இருந்தார்.

1828-இல் அவருடைய மனைவி இறந்தார். நாட்டை விட்டுப் போவது என்ற முடிவு அதற்குப் பிறகு வந்தது. 1832 ஆகஸ்டில் 'ஃபுளோரென்ஷியா' என்ற கப்பலில் சிட்னி வந்து இறங்கினார். அப்போது வயது 44. புதிதாகத் தொடங்க அது இளம் வயது அல்ல, அதிலும் ஒரு கல் தச்சருக்கு.

அவர் வந்த காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் அப்போது கைதிகளின் காலனி. கட்டட வேலைகளைக் கைதிகளே செய்தார்கள். சுதந்திரமாகக் கப்பலேறி வந்த கைவினைஞர்கள் குறைவு. ஓராண்டுக்கு முன்புதான், 1831 அக்டோபரில், 'ஸ்டர்லிங் காசில்' என்ற கப்பல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்துக் கைவினைஞர்களை, கல் தச்சர்கள், தச்சர்கள் முதலியவர்களை, குடும்பத்தோடு சிட்னியில் இறக்கியிருந்தது. அழைத்து வந்தவர் ஜான் டன்மோர் லாங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். தான் தொடங்கவிருந்த கல்லூரிக் கட்டடத்தில் அவர்கள் வேலை செய்து, கப்பல் கட்டணத்தைக் கூலியிலிருந்து கழித்துக் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கடனில் கடல் கடந்தவர்கள் என்றாலும் அவர்கள் அடிமைகள் அல்லர், கைதிகளும் அல்லர். பயணத்தின்போது கப்பல் தளத்திலேயே அவர்களுக்கு அரசியல் பொருளாதார வகுப்பு நடந்தது. நடத்திய ஹென்றி கார்மைக்கேல் பிறகு, 1833-இல், சிட்னியில் தொழிலாளர்களுக்கான கல்விக்கூடம் ஒன்று தொடங்கக் காரணமாக இருந்தார். நான்கு மாதக் கடல் பயணத்தில், கடல் நோய்க்கும் உப்புக்கறிக்கும் நடுவே, கல் தச்சர்கள் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை வருகிறது.

லெனாக்ஸுக்கு அப்படிப்பட்ட குழுவும் இல்லை, ஏற்பாடும் இல்லை. இறங்கியதும் கிடைத்த வேலையில் சேர்ந்தார். சிட்னியில் மக்வாரி தெருவில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் ஒரு குட்டை மதில். அதன் மேல் வரிசைக்கான கற்களைச் செதுக்கும் வேலை. மெனாய் பாலத்தில் நின்றவர், இடுப்பளவு மதிலுக்குக் கல் செதுக்கிக்கொண்டிருந்தார்.

அங்கேதான் தாமஸ் மிட்செல் அவரைப் பார்த்தார். மிட்செல் காலனியின் தலைமை நில அளவையாளர். அவரும் ஸ்காட்லாந்துக்காரர். சாலை போடுவது, பாலம் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. காலனியில் இருந்த பாலங்களில் பெரும்பாலானவை மரக்கட்டைகளைப் போட்டு மண்ணால் மூடியவை. ஒரு வெள்ளம் வந்தால் காணாமல் போகும். நிலைத்து நிற்கும் கல் பாலம் கட்டத் தெரிந்த ஒருவரும் மிட்செலுக்குக் கிடைக்கவில்லை. அப்படித் தேடிக்கொண்டிருந்தவரின் கண்ணில், மதிலருகே உளியும் கையுமாக நின்ற ஒரு புதிய ஆள் பட்டார். பேச்சுக் கொடுத்தார். இவர் டெல்ஃபோர்டிடம் வேலை செய்தவர் என்று தெரியவந்தது. அவ்வளவுதான். ஆளுநர் ரிச்சர்ட் போர்க்கிடம் மிட்செல் பரிந்துரைத்தார். கப்பலிலிருந்து இறங்கி இரண்டு மாதம் ஆவதற்குள், 1832 அக்டோபர் தொடக்கத்தில், லெனாக்ஸ் சாலைத் துறையில் துணை ஆய்வாளர். 1833 ஜூனில் காலனியின் பாலங்களுக்கெல்லாம் கண்காணிப்பாளர்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிர்ஷ்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்டெடுக்கும் அதிகாரத்தில் இருந்தவருக்கு டெல்ஃபோர்ட் என்ற பெயரின் எடை தெரிந்திருந்தது. அதே திறமை ஒரு அயர்லாந்துக் கைதியிடம் இருந்திருந்தால் அவருக்கு மதிலருகே இப்படி ஒரு உரையாடல் வாய்த்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதே காலத்தில் தாஸ்மானியாவின் ராஸ் என்ற ஊரில், 1836-இல் முடிந்த அழகிய கல் பாலத்தைக் கட்டியவர்கள் இரண்டு கைதிக் கல் தச்சர்கள். அவர்களுக்குக் கிடைத்த வெகுமதி பதவி அல்ல, விடுதலை. தொழில் ஒன்றுதான், கப்பலில் எப்படி ஏறினார்கள் என்பதுதான் வேறு.

லெனாக்ஸின் முதல் பாலம் லாப்ஸ்டோன் மலையில் எழுந்தது. சிட்னியிலிருந்து மேற்கே போகும் சாலை நீலமலையில் ஏறத் தொடங்கும் இடம் அது. ஆழமான ஓடைப் பள்ளம் ஒன்று குறுக்கே கிடந்தது. பாலத்துக்கு 20 அடி அகலமுள்ள ஒரே வளைவு. ஆனால் சாலை அங்கேயே வளைந்து திரும்ப வேண்டியிருந்ததால் பாலத்தின் சுவர்களும் குதிரை லாடம்போல வளைந்தே கட்டப்பட்டன. நேராக ஒரு வளைவு கட்டுவதே கடினம். திரும்பும் சாலைக்கு ஏற்ற சுவரோடு சேர்த்து அதைக் கட்டுவது கல்லைப் பற்றிய நுட்பமான அறிவு இருப்பவர் மட்டுமே துணியும் காரியம்.

இந்த வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இவர் கையில் இருந்த உண்மையான மூலதனம் இதுதான். முதலில் இரு கரையிலும் தாங்குசுவர்கள் எழும்ப வேண்டும். வளைவு பக்கவாட்டில் தள்ளும் விசையை அந்தச் சுவர்கள்தாம் வாங்கி நிலத்துக்குள் அனுப்புகின்றன. பிறகு வளைவின் வடிவத்திலேயே மரச்சாரம் அடிக்க வேண்டும். அதன் மேல் இரு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கற்களை அடுக்கிக்கொண்டு வர வேண்டும், ஒரு பக்கம் எடை கூடினால் சாரம் கோணிவிடும். ஒவ்வொரு கல்லும் ஆப்பு வடிவம். மேலே அகலம், கீழே குறுகல், இரண்டு முகமும் வார்ப்புப் பலகையோடு ஒட்ட வேண்டும். கடைசியில் உச்சிக்கல்லை இறக்கிய பிறகு, சாரத்தின் அடியில் இருக்கும் மர ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வளைவைத் தன் காலில் நிற்க விட வேண்டும். அந்த நேரத்தில் வளைவு சிறிது இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து கட்டியவரே மேஸ்திரி. செவர்ன் ஆற்றங்கரையில் பத்து அங்குல இறக்கத்தைப் பார்த்தவருக்கு இதன் பொருள் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இத்தனையும் தெரிந்தவர் லெனாக்ஸ் ஒருவர். செய்ய வேண்டியவர்களோ சாலைப் பணியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 20 கைதிகள். கல் வேலை செய்து பழக்கமில்லாதவர்களின் கையில் உளியைக் கொடுத்து, கோணம் பார்க்கக் கற்றுக்கொடுத்து, 1833-க்குள் பாலத்தை முடித்தார். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இன்றும் நிற்கும் கல் வளைவுப் பாலங்களில் அதுவே மிகப் பழையது. 1926 வரை மேற்கே போன வண்டிகள் எல்லாம் அதன் மேல்தான் போயின.

கேள்வியின் நடு நரம்பு இங்கேதான் இருக்கிறது. தொழிலாளியாகக் கப்பலேறியவர், இறங்கிய இடத்தில் மற்றத் தொழிலாளர்களை ஆள்பவரானார். அந்தத் தொழிலாளர்களுக்குக் கூலி இல்லை, விலகிப் போகும் உரிமை இல்லை, பலருக்குக் காலில் விலங்கு. காலனியின் மலிவான உழைப்பு இல்லாமல் லெனாக்ஸின் திறமை பாலங்களாக மாறியிருக்காது. இது அவர் ஒருவரின் கதையும் அல்ல. அமெரிக்காவில் வெள்ளை மாளிகைக்கு 1792-இல் அடித்தளம் போட்ட காலத்தில் கல் வேலைக்குத் தலைமை தாங்கிய காலன் வில்லியம்சன் ஸ்காட்லாந்துக் கல் தச்சர். வர்ஜீனியாவின் கல் குவாரியில் அவர் தொழில் கற்றுக்கொடுத்தது அடிமைகளுக்கு. ஸ்காட்லாந்துக் கைத்திறன் உலகெங்கும் போய்ச் சேர்ந்த பாதையில் இப்படிப் பெயரில்லாத கைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த முன்னோர் வரலாறும் எனக்கு உவப்பானதல்ல. அதற்காக லெனாக்ஸைக் குற்றக் கூண்டில் ஏற்றவும் எனக்கு மனமில்லை. தன் தொழிலை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். விடுதலை பெற்ற பிறகு அந்த இருபது பேரில் எத்தனை பேர் அந்தத் தொழிலால் பிழைத்தார்களோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது லான்ஸ்டவுன் பாலம். என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்த வேலை இதுதான். சிட்னியிலிருந்து, அதன் தென்மேற்கே உள்ள லிவர்பூல் என்ற ஊருக்குப் போகும் வழியில் ப்ராஸ்பெக்ட் ஓடையைக் கடக்கிறது. 1834 ஜனவரி 1-ஆம் தேதி ஆளுநர் போர்க் அடிக்கல் நாட்டினார். 1836 ஜனவரி 26-ஆம் தேதி, காலனியின் ஆண்டு நாளில், அவரே திறந்துவைத்தார். ஒரே வளைவு, 110 அடி. ஓடைக்கு நடுவே ஒரு தூண்கூட இல்லை. வெள்ளத்தில் வரும் மரங்கள் தூணில் சிக்கிப் பாலத்தைச் சாய்ப்பதுதான் அந்நாட்டின் வழக்கமான விபத்து. தூணே இல்லாவிட்டால் சிக்க என்ன இருக்கிறது? செவர்ன் பாலத்தின் வடிவத்தை இதில் தெளிவாகக் காணலாம். வளைவின் விளிம்பு வெளிப்பக்கம் மெல்லச் சரிந்து, வெள்ளநீர் தடையில்லாமல் உள்ளே வழுக்கிப் போகும்படி செதுக்கப்பட்டிருக்கிறது.

கற்கள் ஜார்ஜஸ் ஆற்றங்கரையில், பாலத்திலிருந்து ஏழு மைல் தொலைவில் இருந்த குவாரியிலிருந்து வந்தன. கைதிகள் அங்கேயே தங்கிக் கல்லை வெட்டினார்கள். தட்டைப் படகில் ஏற்றி ஆற்று வழியே கொண்டுவந்தார்கள். சிட்னியின் மணற்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. குவாரியிலிருந்து எடுத்த புதிதில் செதுக்க இளகிக் கொடுக்கும், காற்றுப் பட்டபின் இறுகும். நல்ல கல். ஆனால் தூசி அதே தூசிதான்.

இன்றும் ஹியூம் நெடுஞ்சாலையின் ஒரு பக்கப் போக்குவரத்து முழுவதும் இந்தப் பாலத்தின் மேல் போகிறது. மாட்டு வண்டிக்காகக் கட்டிய வளைவு, நாள் முழுவதும் கனரக லாரிகளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

பிறகு வரிசையாக வேலைகள். லிவர்பூலில் ஜார்ஜஸ் ஆற்றின் குறுக்கே, கடல் உப்புநீர் மேலேறாமல் தடுத்து ஊருக்கு நன்னீர் கிடைக்கச் செய்த அணை. பெரிமாவில் ஒரு பாலம், 1860-இல் வந்த வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. பரமட்டாவில் நான் கடக்கும் பாலம் 1839-இல் முடிந்தது. பரமட்டாவிலிருந்து லாப்ஸ்டோனுக்குப் போகும் பழைய மேற்குச் சாலைதான் இன்றைய கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலை. சிட்னி முருகன் கோயில் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்கு அங்கே போகும் நம் மக்கள், லாப்ஸ்டோன் பாலத்தை நோக்கிக் கைதிகளைக் கொண்டுபோன அதே பாதையில் நடக்கிறார்கள்.

அந்தப் பாதை யாருடைய நிலத்தில் போனது என்பதும் இந்த வாழ்க்கையின் ஒரு பகுதி. பரமட்டாவும் லாப்ஸ்டோனும் தருக் மக்களின் நாடு. சாந்துக்கு வேண்டிய சுண்ணாம்புக்குப் பாறை அருகில் கிடைக்காததால், காலனிக்காரர்கள் சிப்பி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு குவித்திருந்த கரையோரச் சிப்பி மேடுகளையே வாரிக்கொண்டு போய்க் காளவாயில் போட்டார்கள். ஒரு மக்களின் பல்லாயிரம் ஆண்டுத் தடயம் இன்னொரு மக்களின் சுவர்களுக்குச் சாந்தாகிவிட்டது. லெனாக்ஸைக் கண்டெடுத்த மிட்செலின் கதையும் இதோடு சேர்ந்தது. 1836 மே மாதம் முர்ரே ஆற்றங்கரையில் அவருடைய பயணக்குழு பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்றது. சாலையும் பாலமும் போன வழியே குடியேற்றக்காரர்களும் ஆட்டு மந்தைகளும் போயின. பாலம் கட்டியவர் துப்பாக்கி தூக்கவில்லை என்பது உண்மை. பாலம் இல்லாமல் அந்தப் படையெடுப்பு அத்தனை விரைவாக நடந்திருக்காது என்பதும் உண்மை.

1840-இல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது நின்றது. இலவச உழைப்பு வற்றத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து பொருளாதாரம் சரிந்தது, 1843-இல் பேங்க் ஆஃப் ஆஸ்திரேலியா மூழ்கியது. 1844-இல் லெனாக்ஸ் தெற்கே போர்ட் பிலிப் பகுதிக்கு, இன்றைய விக்டோரியாவுக்கு, அனுப்பப்பட்டார். மெல்போர்ன் அப்போது பிறந்து பத்து ஆண்டுகூட ஆகாத ஊர். சாலை, பாலம், படகுத்துறை எல்லாம் அவர் பொறுப்பில் வந்தன. ஒன்பது ஆண்டுகளில் 53 பாலங்கள் கட்டினார்.

அவற்றில் ஒன்று யாரா ஆற்றின் மேல் எழுந்த பிரின்சஸ் பாலம். 1846 மார்ச் 20-ஆம் தேதி அடிக்கல். நான்கு ஆண்டுகளுக்கும் மேல் வேலை. 1850 நவம்பர் 15-ஆம் தேதி, நியூ சவுத் வேல்ஸிலிருந்து தனிக் காலனியாகப் பிரியும் செய்தியை மெல்போர்ன் மக்கள் கொண்டாடிய நாட்களில், அந்தப் பகுதியை நிர்வகித்த லா ட்ரோப் அதைத் திறந்துவைத்தார். ஆற்றை ஒரே தாவில் கடந்த வளைவு. அகலம் 150 அடி.

ஆம், அதே 150. குளோஸ்டரில் டெல்ஃபோர்டின் கீழே நின்று பார்த்த வளைவின் அதே அளவு. இருபது ஆண்டுகளுக்கும் மேல் அந்த அளவை மனத்தில் சுமந்தாரா, யாரா ஆற்றின் அகலம் தானாகவே அங்கே கொண்டுவந்து நிறுத்தியதா? நான் முதல் விடையையே நம்ப விரும்புகிறேன். ஒரு கைவினைஞருக்குத் தன் ஆசானின் அளவை எட்டிப் பிடிப்பதைவிடப் பெரிய கனவு இருக்க முடியாது.

அடுத்த ஆண்டே தங்கம் கிடைத்தது. 1851-இல் சுமார் 77,000 பேர் இருந்த விக்டோரியாவில் பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர். கட்டடத் தொழிலாளிகளுக்கு இதுவரை காணாத கிராக்கி. இந்த அலையில் வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் லெனாக்ஸ் போகாத வழியில் போனார்கள். ஃபைஃப் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் காலவே என்ற ஸ்காட்லாந்துக் கல் தச்சர் அவர்களில் ஒருவர். 1856 ஏப்ரல் 21-ஆம் தேதி மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல் தச்சர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். கேட்டது எட்டு மணி நேர வேலை. பதினாறாயிரம் மைல் கடந்து வந்தது வாழ்வை உயர்த்திக்கொள்ளத்தான், இயந்திரமாகத் தேய்வதற்கு அல்ல என்று காலவே வாதாடினார். கூலியில் ஒரு காசு குறையாமல் எட்டு மணி நேரம் கிடைத்தது. உலகத் தொழிலாளர் வரலாற்றில் மிக முந்திய வெற்றிகளில் ஒன்று அது. காலவேயோ 1860-இல், முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே இறந்துவிட்டார்.

எனக்கு இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றும். அரசுப் பதவி லெனாக்ஸை உளியிலிருந்து விலக்கியது. தூசியைச் சுவாசிப்பதற்குப் பதிலாக வரைபடமும் மேற்பார்வையும் வந்தன. அவர் 85 வயது வரை வாழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. காலவே மேலே ஏற வழி தேடவில்லை, சக தொழிலாளர்களோடு நின்று வேலை நேரத்தையே குறைத்தார். புலம்பெயர்ந்த தொழிலாளி உயர்ந்தாரா என்ற கேள்விக்கு இரண்டு விதமான விடை இருந்தது. ஒன்று தனி ஒருவருக்குக் கிடைத்தது, மற்றது எல்லாருக்கும். நமக்குத் தெரிந்த வெற்றிக் கதைகள் பெரும்பாலும் முதல் வகை என்பதால் இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லெனாக்ஸ் ஒப்பந்தக்காரராகிப் பெரும் சொத்து சேர்த்தவர் அல்லர். கடைசி வரை அரசுச் சம்பளக்காரர். 1853 நவம்பரில், 65 வயதில் ஓய்வு பெற்றபோது விக்டோரியா அரசு அவருக்கு 3000 பவுண்டு பணிக்கொடை கொடுத்தது. அந்தக் காலத்தில் மிகப் பெரிய தொகை. கவலையில்லாமல் முதுமையைக் கழிக்கப் போதும். 1855-இல் அவர் திரும்பி வந்து குடியேறிய இடம் ஸ்காட்லாந்து அல்ல, பரமட்டா. கேம்பெல் தெருவில் வீடு. ஏர் ஊருக்குத் திரும்பும் வசதி அவருக்கு இருந்தது, ஆனாலும் போகவில்லை.

தன் வேலைகளில் சில அழிவதையும் அவர் வாழ்நாளிலேயே கண்டார். பெரிமா பாலம் போனபோது அவருக்கு 72 வயது. பிரின்சஸ் பாலம் அவர் காலத்துக்குப் பிறகு இடிக்கப்பட்டது. கப்பல்களும் வெள்ளமும் கேட்ட அகலத்துக்கு யாரா ஆறு விரிக்கப்பட்டபோது, ஒற்றை வளைவு போதவில்லை. இப்போது அங்கே நிற்பது 1888-இல் திறந்த வேறு பாலம், பெயர் மட்டும் அதே பெயர். பரமட்டா பாலத்துக்கு நகராட்சி 1867-இல் அவர் பெயரைச் சூட்டியது. அப்போது அவர் அதே ஊரில், நடந்து போகும் தூரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1873 நவம்பர் 12-ஆம் தேதி இறந்து, அந்த ஊரின் பழைய செயின்ட் ஜான்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

சிட்னிக்கு வருபவர்கள் லாப்ஸ்டோன் பாலத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். க்ளென்புரூக் அருகே மிட்செல் கணவாய்ச் சாலையில் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாதாரணச் சாலைத் திருப்பம்போலத்தான் இருக்கும். பக்கவாட்டில் ஓடைக்குள் இறங்கிப் போய்க் கீழேயிருந்து நிமிர்ந்து பாருங்கள். வளைவின் உச்சிக்கல்லில் ஒரு பக்கம் டேவிட் லெனாக்ஸ் என்றும் மறுபக்கம் 1833 என்றும் வெட்டியிருக்கிறது. பிறகு பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கி மற்றக் கற்களையும் பாருங்கள். உளி விழுந்த தடம் கல்லுக்குக் கல் வேறுபடும். ஒருவர் நெருக்கமாகக் கொத்தியிருப்பார், ஒருவர் அகலமாக. அவை அந்த இருபது பேரின் கைகள்.